வெள்ளை என்று சொன்ன சுவர்

என் மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் கழுகு என்று பட்டப்பெயர். கண் அவ்வளவு கூர்மை என்று பேராசிரியர் வைத்தது. முகத்துக்கு நேரே சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு உண்டு, அதனால் வீட்டில் அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அவள் வேலை உரிப்பது. நகத்தளவு கருத்த படிகம் ஒன்றின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரிப்பாள், உரித்ததையே மறுபடி உரிப்பாள். கடைசியில் சிலிக்கான் வில்லையில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் தேடுவாள். ஒரே ஒரு அணு அடுக்கு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு மெல்லிசானதும் காந்தமாம். காற்று பட்டால் சில நிமிடங்களில் கெட்டுவிடும் என்பதால் எல்லாமே கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறையில் கைவிட்டுத்தான்.

நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னாள்.

"உங்க ஒரு கோட்டு, ரெண்டு கோட்டு மாதிரிதான். அடுக்கு ஏற ஏற நீலம் ஒரு துளி அழுத்தமாகும். அதைப் பாத்தே எத்தனைன்னு சொல்லிடுவேன்."

ஒரு அடுக்கு தனியாகக் காந்தம். இரண்டென்றால் மேலே இருப்பது ஒரு பக்கமும் கீழே இருப்பது எதிர்ப்பக்கமும் திரும்பிக்கொண்டு, வெளியே ஒன்றுமே தெரியாது. மூன்றென்றால் ஒன்று மிஞ்சும்.

"ரெண்டுன்னா நம்ம ரெண்டு பேர் மாதிரியா?" என்றேன்.

"நீங்க ஒருத்தரே மூணு அடுக்கு" என்றாள்.

காந்தம் இருக்கிறதா என்று பார்க்க லேசர் ஒளியை அடிப்பார்கள். இருந்தால் திரும்பி வரும் ஒளி இம்மியளவு முறுக்கிக்கொண்டு வரும். அதை அளப்பது ஆராய்ச்சி மாணவியின் பாடு. எத்தனை அடுக்கு என்று சொல்வது மட்டும் என் மனைவி. கேமராப் படத்தை வைத்துக் கணினியிலும் எண்ணலாம்தான். ஆனால் அக்கா சொன்னால் போதும் என்று யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

போன வருடம் எங்கள் படுக்கையறைக்கு இளநீலம் அடித்தேன். சாயந்திரம் வந்தவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வெள்ளை நல்லாத்தான் இருக்கு" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பாவுக்கும் இப்படித்தான் கண்ணில் புரை விழுந்து முதலில் நீலம் போனது. சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. பார்வை போச்சு என்று சாமான் அறையில் உட்கார வைத்துவிட்டால் மனுஷி இடிந்து போவாள் என்று பட்டது.

"ஆமா, வெள்ளைதான்" என்றேன்.

சொல்லியிருந்தால் ஒரு வார லீவில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் முடிந்தது. அதைக்கூட நினைத்துப் பார்க்காத மடையன் நான்.

நாலு மாதம் கழித்து அவள் இரண்டு என்று எழுதிக் கொடுத்த துண்டு ஒன்று ஒளியை முறுக்கியது. இரண்டு அடுக்கும் ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன, இது புதுசு என்று கூடமே அமர்க்களப்பட்டது. மாணவியின் ஆய்வேட்டில் அதுதான் முக்கிய அத்தியாயம். அதை நம்பி வேறொரு கூடத்தில் அவளுக்கு வேலையும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாள். எனக்குப் படுக்கையறைச் சுவர் நினைவுக்கு வந்தது.

"அது ரெண்டுதானா? நல்லா பாத்தியா?"

"பெயின்டர் எனக்குப் பாடம் எடுக்கறாரா?"

தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். சாயந்திரத்துக்குள் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்த மாணவி பார்க்க வந்தாள். மறுவாரம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கட்டிலருகே நாற்காலி போட்டு நன்றிப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். "ஒவ்வொரு அடுக்கையும் எண்ணிச் சொன்ன அக்காவின் கண்களுக்கு" என்று முடிந்தது. இவளுக்கு வெட்கம். அந்தப் பெண்ணும் கொஞ்சம் கூச்சப்பட்டு, பேச்சை மாற்ற அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த இளநீலம் அழகா இருக்குக்கா. அண்ணா அடிச்சதா?"

என் மனைவி சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"அடிச்ச அன்னிக்கே."

இவள் எழுந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தாள்.

"அந்த ரெண்டைத் திரும்ப எண்ணணும்மா. எனக்கு நீலம் தெரியல. நான் சொன்னது தப்பா இருக்கும்."

மறுநாள் பழைய படத்தைக் கணினியில் போட்டு எண்ணினார்கள். மூன்று.

அத்தியாயம் போனது. அந்தப் பெண்ணுக்குத் தருவதாகச் சொன்ன வேலையும் போனது. அவள் இன்னும் ஒரு வருடம் இந்தக் கூடத்திலேயே இருந்து முதலிலிருந்து அளக்க வேண்டும். இவளுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று கண் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெண் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் எண்ணிப் பாத்திருக்கணும்க்கா" என்றாள். நான் குறுக்கே போய், "அவளுக்கே தெரியாதும்மா. மறைச்சது நான்" என்றேன். தலையை மட்டும் அசைத்தாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணா என்று அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று இவள் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஏற்கெனவே ஒரு டப்பா வெள்ளை வாங்கி வைத்திருந்தேன்.

"வெள்ளையே அடிச்சிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். நீங்க படுக்கற பக்கம்தானே இது. காலையில கண்ணு முழிச்சதும் என்ன நிறம்னு எனக்குச் சொல்லுங்க."

தினமும் சொல்கிறேன்.