மகளைச் சேர்க்காத பள்ளிக்கூடம்

மொன்றியலில் ஒரு பழைய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் நான் பல வருடம் வேலை செய்தேன். தொடங்கின காலத்திலிருந்து அங்கே ஆண்பிள்ளைகள் மட்டும்தான். வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்பதால் என் மகனைச் சேர்த்தார்கள். அவனைவிடக் கெட்டிக்காரி மூத்தவள். யாழ்ப்பாணத்திலும் பெட்டைகளுக்கு வேறு பள்ளிக்கூடம்தானே என்று நான் அவளுக்காகக் கேட்கவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்குப் பழைய வேலையாட்களையும் கூப்பிட்டார்கள். மகள் டோர்வலில் விமான நிலைய வேலை முடிந்து, சீருடையோடு வந்து என்னைக் கூட்டிப்போனாள். மண்டபத்துச் சுவரில் பள்ளிக்கூடத்தின் வரலாறு எழுதியிருந்தது. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. அவள் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளையளைச் சேர்த்த வருசம் போட்டிருக்கினம், அம்மா."

"எப்பவாம்?"

"நான் படிப்பு முடிச்சதுக்கு அடுத்த வருசம்." சிரித்தாள். "உங்கட அவசரம். கொஞ்சம் பொறுத்துப் பெத்திருக்கலாம்."

நானும் சிரித்தேன். தந்த கேக்கைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டேன். அந்த நாளில் நான் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும், உனக்காக ஒருதரம் கேட்டேன் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்திருக்கும்.