முப்பது நாள் மாப்பிள்ளை

மாமியார் வீட்ல அவனுக்கு வச்ச பேரு முப்பது நாள் மாப்பிள்ளை. வச்சது மாமனார். முதல்ல அடுப்படிக்குள்ள மெதுவாச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க, அப்புறம் ஒரு நாள் அவன் காதுலயே விழுந்துடுச்சு. அவன் கோவிச்சுக்கல. சொல்லப்போனா கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு அவனுக்கு.

படிப்பு முடிஞ்ச கையோட அவனுக்குக் கிடைச்ச வேலை ரிட்டன் கவுண்டர்ல. ஃபோனை அமுக்கினா வாசலுக்குச் சாமான் வருதே, அந்த மாதிரி ஒரு கம்பெனி. ஜனங்க வாங்கறதுல பாதி திரும்பி வந்துடும். முப்பது நாளுக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம், பணம் வாபஸ். அப்படித் திரும்பி வர்ற பெட்டியைப் பிரிச்சு, உள்ள இருக்கறது புதுசா, பழகினதான்னு கண்டுபிடிக்கறதுதான் அவன் வேலை. சட்டைன்னா அக்குளை மோந்து பாக்கணும். செருப்புன்னா அடியைத் திருப்பிப் பாக்கணும். குக்கர்னா உள்ள விரலை விட்டுத் தடவணும். சுத்தமா இருந்தா பச்சை ஸ்டிக்கர், அதுல குட்டியா ஒரு இலைப் படம். பழகின சாமான்னா சிவப்பு ஸ்டிக்கர், வாங்கினவன் வீட்டுக்கே வண்டி ஏறிடும், பணமும் கிடையாது.

வேலைக்குச் சேந்த அன்னைக்குக் கோட்டு போட்ட ஒரு அம்மா வந்து படம் போட்டுக் காட்டினாங்க. பச்சை ஸ்டிக்கர் ஒட்டின ஒவ்வொரு பொருளும் இன்னொரு வீட்டுக்குப் போய், இன்னொரு குடும்பத்தைச் சிரிக்க வைக்குமாம். பின்னாடி குருவி சத்தம் வேற. கடைசியில "பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது"ன்னு எழுத்து வந்துச்சு. பத்தொன்பது வயசு. பூமியே நன்றி சொன்னா எவன் மயங்க மாட்டான்?

கூட வேலை பாத்த பசங்க முதல் சம்பளத்துல ஃபோனு, பைக்குன்னு தவணையில இழுத்து விட்டுக்கிட்டானுங்க. சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே தவணைக்காரன் வந்து நிப்பான். இவன் அதையெல்லாம் பாத்தான். ஒரு நல்ல கோட்டு வாங்கினான், சிநேகிதன் அக்கா கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனான், அக்குள்ல பவுடர் தட்டித் திருப்பி அனுப்பிட்டான். பணம் அப்படியே வந்துடுச்சு. கோட்டையும் அனுபவிச்சாச்சு, காசும் கையில, பூமிக்கும் பாரம் இல்ல. இந்த உலகத்துல இவ்வளவு பேரு ஏன் கஷ்டப்படறாங்கன்னு அவனுக்கு அன்னைக்குப் புரியவே இல்ல.

அப்புறம் என்ன, ஆளே மாறிட்டான். கவுண்டர்ல யாரு மூக்கு கூர்மை, யாருக்குச் சளின்னு அவனுக்குத்தான் தெரியுமே. சளி பிடிச்சவன் ஷிஃப்ட் பாத்துப் பெட்டி அனுப்புவான்.

அவனுக்குப் பாத்த பொண்ணு, துணி சின்னதாக்கி பெருசாக்கிக் குடுக்கற ஆல்டரேஷன் கடையில பதினெட்டு வயசுலேருந்து மிஷின் மிதிக்கிறவ. அவ கையில இருந்த துணிப்பைக்கு மூணு தடவை பிடி மாத்தியாச்சு. "பிடிதானே போச்சு, பைக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேப்பா. ரெண்டு பேரும் சிக்கனம்னு பெரியவங்க பாத்து முடிச்சாங்க. சிக்கனத்துல இத்தனை ரகம் இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை சும்மா சும்மா கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, எறும்பு கடிச்சுதா?"ன்னாங்க மாமியார்.

"இல்ல அத்தை, சட்டையில விலை டேக்கு."

"அதைப் பிச்சுப் போடக் கூடாதா?"

"பிச்சா சிவப்பு ஸ்டிக்கர் ஆயிடும் அத்தை."

மாமியாருக்கு ஒண்ணும் புரியல. பொண்ணுக்குப் புரிஞ்சுச்சு, ஆனா அதுக்குள்ள போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சுட்டாங்க.

குடித்தனம் வச்ச வீடு ரெண்டு ரூம். அதுல மாசம் ஒரு சோபா. எதிர்வீட்டுக்காரங்க இவங்களைப் பெரிய பணக்காரங்கன்னே நினைச்சுட்டாங்க. சோபாவுல வந்த பிளாஸ்டிக்கை எடுக்கவே மாட்டான். யாராவது வந்தா பேப்பர் விரிச்சு, "இதுல உக்காருங்க"ன்னுவான். மாமனார் ஒரு தடவை டீ டம்ளரோட உக்காந்தாரு. அவரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் இவன் கையில துணியோட எதிர்லயே நின்னுக்கிட்டிருந்தான்.

"ஏன்ப்பா, எனக்குச் சவரம் பண்ணப் போறியா?"ன்னாரு மாமனார்.

பொண்டாட்டி வெட்டுத்துணி எல்லாம் ஒரு மூட்டையாக் கட்டி வச்சிருப்பா. அதைப் பாத்தாலே இவனுக்கு ஆகாது. "வீட்டைக் குப்பையாக்காதே. என்னைப் பாரு, எனக்குன்னு ஒரு பொருள் உண்டா? மனுஷன் பூமியில சுவடே தெரியாம வாழணும்"னு பாடம் எடுப்பான். கடையில சோப்பு வாங்கினாப் பை வேண்டாம்னு கையிலயே எடுத்துட்டு வருவான். வீட்டுக்குள்ள வந்தா மச்சு வரைக்கும் அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் அடுக்கி வச்சிருப்பான், திருப்பி அனுப்பறதுக்கு. அதைக் குப்பைன்னு சொன்னாக் கோவம் வரும்.

அப்புறம் குழந்தை பொறந்துச்சு. பொண்ணு. அந்தக் குழந்தையைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாக் கதை நகராது. பொம்மை மாதிரி இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எந்தப் பொம்மைக்கு அந்தக் கன்னம் இருக்கு? கொட்டாவி விட்டா ஒரு வார்டே வேடிக்கை பாத்துச்சு. மூக்கு அப்படியே அம்மா வழி. அதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

தாயும் புள்ளையும் அம்மா வீட்ல இருந்தப்ப இவன் குழந்தைக்குக் கட்டில் வாங்கிப் போட்டான். நாலு பக்கமும் கம்பி வச்ச மரக்கட்டில், மெத்தையோட. நல்ல கட்டில்தான், குத்தம் சொல்லக் கூடாது. ஒரு மத்தியானம் அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டு வீட்டைப் பாத்துட்டுப் போக வந்தா. "மெத்தையில பிளாஸ்டிக் கிரீச் கிரீச்சுங்குது, குழந்தை திடுக்குன்னு முழிக்குது"ன்னு அதை உருவிப் போட்டுட்டுப் படுக்க வச்சா. குழந்தை ஒரு நீட்டு நீட்டிச்சு, ஒரு முறுக்கு முறுக்கிச்சு, சந்தோஷமா ஒண்ணுக்குப் போயிடுச்சு.

"ஐயோ மெத்தை!"ன்னு கத்தினான் அப்பங்காரன்.

ஓடிப்போய்த் துணி எடுத்தான். குழந்தையை ஒரு கையால ஓரமாத் தள்ளிட்டு, மெத்தையை ஒத்தி ஒத்தி எடுத்தான். குழந்தை ஈரத்தோட வீல்னு அழுதுச்சு. அவன் மெத்தையை மோந்து பாத்துக்கிட்டிருந்தான்.

அவ குழந்தைக்குத் துணி மாத்தினா. பையை எடுத்தா. வாசல்ல நின்னு சொன்னா:

"என் பொண்ணு ஒண்ணுக்குப் போறதுக்கு இந்த வீட்ல ஒரு சாமான் சொந்தமா இருக்கணும். அது வந்த அப்புறம் கூப்பிடுங்க. அது வரைக்கும் நாங்க வர மாட்டோம்."

"ஏய், இதை விட நல்ல கட்டில் வருது. ஆட்டி விடற மோட்டாரோட. இதைத் திருப்பிட்டு அதை..."

"அதுக்கும் முப்பது நாளா? புள்ளை எத்தனை நாளைக்குங்க?"

போயிட்டா. மாமனாருக்கு ஃபோன் போட்டுப் பேசிப் பாத்தான். "மாப்பிள்ளை, பொருளைத் திருப்பினா பணம் வரும். பொண்டாட்டியைத் திருப்பினா நான்தான் வருவேன்"னு சொல்லி வச்சுட்டாரு.

அவ சொன்னது அவனுக்கு உறைக்காம இல்ல. ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கே. காலையில எழுந்து மெத்தையை வெந்நீர்ல துடைச்சு, மல்லிகை வாசனை அடிச்சு, கட்டிலைக் கழட்டி, பழையபடி பெட்டியில அடைச்சு அனுப்பிட்டான். சளி பிடிச்சவன் ஷிஃப்ட். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிட்டான்.

அடுத்த நாள் கம்பெனியில, அதிகமாப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினவன்னு இவனுக்குப் பரிசு. 'பசுமை வீரன்'. சூப்பர்வைசர் கையால ஒரு பெட்டி குடுத்தாரு. பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள குமிழ் கவர், அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் செடி. அதோட பதவி உயர்வு: கவுண்டர்லேருந்து பின்பக்கக் கட்டடத்துக்கு. அந்தக் கதவுக்குப் பின்னாடி அவன் போனதே இல்ல. பச்சை ஸ்டிக்கர் சாமானெல்லாம் அங்கேருந்து வண்டி ஏறிப் புது வீட்டுக்குப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தான்.

அங்க வண்டியைக் காணோம். நீளமா ஒரு பெல்ட் ஓடுச்சு. கடைசியில பல்லு வச்ச ஒரு மிஷின். பக்கத்துல பட்டன்கிட்ட ஒரு பருத்த மனுஷன், எல்லாரும் மிஷின் அண்ணன்னு கூப்பிட்டாங்க. சட்டை, செருப்பு, குக்கர், இஸ்திரிப் பெட்டி, எல்லாம் வரிசையா வந்து மிஷினுக்குள்ள போய் அந்தப் பக்கம் தூளா விழுந்துச்சு.

"அண்ணே, அது பச்சை ஸ்டிக்கர்!"ன்னு இவன் கத்தினான்.

"ஆமா, பச்சைதான் இங்க வரும்."

"இன்னொரு வீட்டுக்குப் போகும்னு..."

அவரு சிரிச்ச சிரிப்புல மிஷின் சத்தமே கேக்கல. "தம்பி, அதைத் துடைச்சு, மடிச்சு, புதுப் பெட்டியில போட்டு விக்கற கூலிக்கு ரெண்டு புதுசு வாங்கிடலாம். கணக்கு பாத்தா நொறுக்கறதுதான் லாபம்."

"அப்ப இலைப் படம் எதுக்கு?"

"ஒட்டறவனுக்கு மனசு நல்லா இருக்கட்டும்னுதான்."

இவன் தலையில கை வச்சுக்கிட்டு நின்னான். போன மாசத்துச் சோபா, அதுக்கு முந்தின மாசத்துச் சோபா, கல்யாணச் சட்டை, எல்லாம் இந்த வழியாத்தான் போயிருக்கு. சுவடே தெரியாம வாழறேன்னு இத்தனை வருஷம் பேசின வாய் அப்படியே திறந்து இருந்துச்சு. அப்பத்தான் பெல்ட்ல மல்லிகை வாசனை வந்துச்சு.

"அண்ணே, நிறுத்துங்க! அது என் பொண்ணு கட்டில்!"

மிஷின் அண்ணன் பட்டனை அமுக்கிட்டாரு. சத்தம் நின்னதும் சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. இவன் காசு குடுத்து வாங்கிக்கிறேன்னான். "பெல்ட்ல ஏறினதை விக்க வழியில்ல. எடுத்துட்டுப் போனா திருட்டு, வேலை போயிடும்"னாரு அவரு. வழி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அது இவனுக்கு எல்லாரையும் விட நல்லாத் தெரியும். சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டினா கட்டில் வாங்கினவன் வீட்டுக்கே போகும். ஆனா ஏமாத்தினான்னு அவன் கணக்கைப் பூட்டிடுவாங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் ஒரு சாமானைத் திருப்ப முடியாது.

"சார், இது பழகின சாமான். மெத்தையில மூத்திரம் இருக்கு. வாங்கினவன் ஏமாத்தியிருக்கான்."

"வாங்கினவன் யாரு?"

"நான்தான் சார்."

சூப்பர்வைசர் குனிஞ்சு மோந்தாரு. "பூ வாசனைதானேய்யா வருது."

"அது நான் அடிச்சது. தையல் ஓரத்துல மோந்து பாருங்க. நல்லா உள்ள இழுங்க சார்."

மிஷின் அண்ணனும் மோந்தாரு. தூள் அள்றவங்க நாலு பேரு வந்து மோந்தாங்க. யாருக்கும் பிடிபடல. இவ்வளவு கச்சிதமாத் துடைச்ச தன் கையையே திட்டிக்கிட்டான். கடைசியில ஃபோனை எடுத்துக் குழந்தை படத்தைக் காட்டினான்.

"இவ போனது சார். முந்தாநாள் மத்தியானம் போனா. நிறையவே போனா."

மிஷின் அண்ணன் படத்தைப் பாத்தாரு, மெத்தையைப் பாத்தாரு. "இந்தப் புள்ளை போயிருக்கும் சார், முகத்துலயே தெரியுது"ன்னாரு.

"என் சர்வீஸ்ல தன் மேல தானே புகார் குடுத்தவனை இப்பத்தான்யா பாக்கறேன்"னு சொல்லிக்கிட்டே சூப்பர்வைசர் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாரு. பசுமை வீரன் பரிசையும் கையோட திருப்பி வாங்கிக்கிட்டாரு. அந்தச் செடியும் பெல்ட்ல ஏறி நொறுங்கிப் போச்சு.

கட்டில் வீட்டுக்கு வந்துச்சு. மேல கொட்டை எழுத்துல 'பயன்படுத்தப்பட்டது. ஏற்க இயலாது'ன்னு இருந்துச்சு. அதைப் படம் பிடிச்சுப் பொண்டாட்டிக்கு அனுப்பினான், கூட ஒரு வார்த்தை எழுதல. அவ குழந்தையோட வந்து நின்னா. ஸ்டிக்கரை ரெண்டு தடவை படிச்சா.

"இது இனிமே போகாதா?"

"எதுவுமே போகாது. கணக்கைப் பூட்டிட்டாங்க. இப்ப வீட்ல என்ன இருக்கோ அதான் நம்ம சொத்து."

அவ சுத்திப் பாத்தா. அந்த மாசத்துச் சோபா கத்திரிப்பூ கலர்ல பளபளன்னு இருந்துச்சு, தங்கக் குஞ்சம் தொங்கிக்கிட்டு. அவன் விளையாட்டா வாங்கிப் போட்டது.

"இதுவுமா?"

"இதுவும்தான்."

"அடக் கடவுளே, இந்தக் கலரோடயா நான் சாகற வரைக்கும் குப்பை கொட்டணும்?"னு தலையில அடிச்சுக்கிட்டா. ஆனா குழந்தையைக் கட்டில்ல படுக்க வச்சுட்டுத்தான் அடிச்சுக்கிட்டா. அப்புறம் சோபாவுல இருந்த பிளாஸ்டிக்கைச் சரக்குன்னு கிழிச்சுப் போட்டுட்டு உக்காந்து, அம்மாவுக்கு ஃபோன் போட்டா.

"அம்மா, நான் இங்கயே இருக்கேன். புள்ளையோட மீதித் துணியெல்லாம் அப்பாகிட்டக் குடுத்து விடு."

"அந்த மனுஷன் அப்பவே மூட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாருடி. பேத்தியைப் பாத்து ஒரு மணி நேரம் ஆச்சாம்"னாங்க அம்மா.