நடு முகத்தின் வாய்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். வாதாடி வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. போன டிசம்பரில், லாட்வியாவின் ரீகா நகரில், என் கையாலேயே நடந்த விஷயம் இது.

நானும் தங்கை ரஸ்மாவும் பழைய வீடுகளின் முகப்புச் சிற்பங்களைப் பழுது பார்ப்பவர்கள். அந்த நாலு மாடி வீட்டில் ஜன்னல்களுக்கு மேலே வரிசையாக ஐந்து பெண் முகங்கள். எல்லாம் கண்ணும் வாயும் மூடி, தூங்குவது போல இருக்கும். நடு முகம் மட்டும் உறைபனியில் விண்டு விழுந்து தூளாகியிருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வழிதான். ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தவை, அதனால் பக்கத்து முகத்தில் அச்செடுத்துப் புதிதாக வார்க்க வேண்டும். இம்மி மாறினாலும் நகராட்சி ஆள் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ரஸ்மா வேலை செய்துகொண்டே பாடுவாள். கோடையில் வரும் பாட்டுத் திருவிழாவில் தனிக்குரலுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே கனவு அது. டிராமில், அடுப்படியில், சாரத்தின் மேல்... எங்கும் அதே பாட்டுதான்.

முதல் வார்ப்பை அச்சிலிருந்து உரித்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது.

காற்றுக் குமிழியாக இருக்கும் என்று உடைத்துப் போட்டேன். இரண்டாவதில் பல் தெரிந்தது. அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் வாய் மூடித்தான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்து விற்றவனைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன், கடைசியில் ரஸ்மா மேல் பாய்ந்தேன்.

"நீ பாடிப் பாடித்தான் அதுவும் வாயத் திறக்குது. கொஞ்சம் சும்மா இரேன்."

"அதுக்குக்கூட என் பாட்டு பிடிச்சிருக்குண்ணா. உனக்குத்தான் காது செவிடாப் போச்சு," என்று சிரித்தாள்.

மூன்றாவதில் வாய் முழுசாகவே பிளந்திருந்தது. மறுநாள் காலை சாரத்தைப் பிரிக்க ஆள் வருகிறான். ரஸ்மா பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். வந்த ஆத்திரத்தில் அதையே தூக்கிச் சுவரில் பொருத்தி, வாய்க்குள் சாந்தை அப்பினேன்.

மாலை நாலு பத்து. இருட்டிவிட்டது.

உள்ளே யாரோ முனகினார்கள்.

"ம்ம்... ம்ம்ம்..."

ரஸ்மாவின் பாட்டு.

விரலை வைத்து அழுத்தினேன். உதடு சூடாக இருந்தது...

பயந்து ஓடியிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. "மூடு வாய," என்று கத்தி, சாந்துக் கரண்டியால் இன்னும் அப்பி, வாயே தெரியாதபடி பூசி மூடிவிட்டேன்.

சத்தம் நின்றது.

செல்போன் அடித்தது. பாட்டுக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். பாடிக்கொண்டிருந்தபோதே ரஸ்மாவுக்குக் குரல் நின்றுவிட்டதாம். அப்போது மணி நாலு பத்தாம்.

டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள், ஆனால் குரல் திரும்பவில்லை. நகராட்சி ஆள் என் வேலையைப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. ஏப்ரலில், தூக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அடைத்த வாயை உடைத்துத் திறக்க உளியோடு மேலே போனேன். ரஸ்மா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து ஜன்னல் திறந்தது. அங்கே குடியிருக்கும் மிர்ட்சா அம்மா. குளிர்காலம் முழுக்க மகன் வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"வேணாம் தம்பி. முன்னாடி இது விழுந்தப்ப எங்கப்பாதான் செஞ்சு வெச்சாரு. அவரும் வாய அடைச்சாரு. எங்கம்மாவுக்குப் பேச்சு போச்சு. அப்புறம் உடைச்சுத் தொறந்தாரு."

"குரல் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒன்பது நாள் நிறுத்தாம கத்தினாங்க. தூக்கமில்ல, சோறில்ல. அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்து பார்த்தா... இதோட வாய் தானா மூடியிருந்துச்சு."

கீழே ரஸ்மாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, அடி, அடி என்று எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.