கோட்டை வாசலில் அக்காவின் அடையாள அட்டை

“…பைக்குள்ள வைச்சுத் தேடிக்கொண்டு நிண்டால் அவனுக்குச் சந்தேகம் வந்திடும் தம்பி, அதுதான் முன்னமே கையில எடுத்திட்டன்,” என்றபடி அக்கா ஜெர்மனியின் நூர்ன்பேர்க் கோட்டை வாசலை நோக்கி நடந்தார். கையில் இலங்கை அடையாள அட்டை. வாசலில் ஒருவர் இரும்புத் தொப்பியும் ஈட்டியுமாக நின்றார். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பதற்காகப் போட்ட பழங்காலக் காவலாளி வேஷம். நான் வாய் திறப்பதற்குள் அக்கா அட்டையை நீட்டி, பையைத் திறந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றுவிட்டார். “செக் பண்ணப் பொம்பிளைப் பிள்ளை ஒருத்தரும் இல்லையோ?” என்று என்னிடம் குறை வேறு.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. கொழும்பில், வெள்ளவத்தையில், குடை இருக்கிறதா என்று மற்றவர்கள் கேட்பதைப்போல, “ஐ.சி. கிடக்கோ?” என்று வாசலில் நின்று கேட்டுத்தான் எல்லாரையும் வெளியே விடுவார். பம்பலப்பிட்டிக்குப் போய்வருவதற்குள் காலி வீதியில் எத்தனை சோதனைச் சாவடியில் மறிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை அத்தான் அட்டையில்லாமல் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய், பொழுதுபட்ட பிறகு பொலிஸ் நிலையத்திலிருந்து அதே பாணோடு வந்தார். “பாணுக்கு ஒண்டும் நடக்கேல்ல,” என்று அவர் சொன்னதை அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அத்தான் செத்துப்போன பிறகு அந்த ஃப்ளாற்றில் அக்கா தனியே. நாட்டில் சண்டை முடியும்வரையாவது ஜெர்மனியில் என்னோடு இருக்கச் சொல்லி மன்றாடினேன். அக்காவின் விசாவை நீட்டிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். “இஞ்ச எனக்கு என்ன வேலை? ஆரைப் பாத்துக்கொள்ள?” என்பதுதான் எப்போதும் பதில். எவரும் எவரையும் மறிக்காத ஊர் இது என்று காட்டி மனதை மாற்றலாம் என்றுதான் கோட்டைக்குக் கூட்டிவந்தேன். வந்தால், வாசலிலேயே ஈட்டி!

ஈட்டிக்காரர் அட்டையை வாங்கி, அதிலிருந்த அக்காவின் இளவயதுப் படத்தைப் பார்த்தார். “ஷோன், ஷோன்!” என்றார். அழகாம். பிறகு தன் கவசத்துக்குள் கையை விட்டு ஒரு பேர்ஸை எடுத்து, தன் மகளின் படத்தை அக்காவிடம் நீட்டினார்.

“இவன் ஏன் எனக்குத் தன்ர ஐ.சி.யைக் காட்டுறான்?”

“அது மகளின்ர படம் அக்கா. நீங்களும் படம் காட்டத்தான் வந்தனீங்கள் எண்டு நினைச்சிட்டார்.”

அக்கா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “கண் தகப்பன்ர கண்தான்,” என்று தமிழிலேயே சொன்னார். ஈட்டிக்காரருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுத்து, ஈட்டியைச் சாய்த்து வழி விட்டார்.

கோட்டையைச் சுற்றி முடிக்கும்வரை நான் ஊர்ப் பெருமை அளந்துகொண்டே வந்தேன். “பாத்தீங்களே? இந்த ஊரில மறிக்கிறவனும் வேஷக்காரன்தான்.” அக்கா மதிலின் தடிப்பைக் கையால் தட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது ரயில் பெட்டி நிறைய ஆட்கள். இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறினார்கள். எல்லாரையும் தாண்டி நேரே எங்களிடம் வந்து, “அவுஸ்வைஸ், பிற்றே,” என்றார்கள். அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, கடவுச்சீட்டு நீண்டுவிட்டது. நான் சட்டைப் பையைத் தடவினேன். காற்சட்டைப் பை. ஜாக்கெற். அட்டை வீட்டில், ஃபிரிட்ஜுக்கு மேலே! அந்தக் கணத்தில், இனி அக்கா இங்கே தங்கச் சம்மதிக்கமாட்டார், திங்கட்கிழமையும் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா அலட்டிக்கொள்ளாமல் கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்துப் பொலிஸ்காரரிடம் கொடுத்தார்.

“வெளிக்கிடேக்க ஃபிரிட்ஜுக்கு மேல கிடந்தது. எடுத்து வைச்சனான்.”

அவர்கள் பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துப் போனார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா பெருமூச்சு விட்டார்.

“திங்கக்கிழமை அந்த விசா ஒபிசுக்குப் போவம். உன்னைத் தனிய விடேலாது போல கிடக்கு.”

சொல்லிவிட்டு, என் ஜெர்மன் அட்டையையும் தன் இலங்கை அட்டையையும் ஒன்றாக வைத்து ரப்பர் பட்டி போட்டு, வெள்ளவத்தை வீட்டுக் கதவின் திறப்புக் கொத்துக்குப் பக்கத்தில் செருகி, கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார்.