சர்வர் அக்கா பயந்த நாள்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை 'சர்வர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவள் கேன்டீனில் பரிமாறுகிறவள் என்று நினைத்து, "அக்கா, ரெண்டு டீ" என்று சொல்லிவிடுவதுண்டு. அவளும் கோபித்துக்கொள்ளாமல், "நான் பார்த்துக்கிற சர்வர் டீ தராது தம்பி, சூடு மட்டும்தான் தரும்" என்பாள். தரைத்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறை அவளுடையது. ஆள் உயர இரும்பு அலமாரிகளில் இயந்திரங்கள் இரைந்துகொண்டே இருக்கும். நோயாளிகளின் பெயர், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே படம் எல்லாம் அவற்றுக்குள்தான் இருந்தன.

பதிவு கவுண்டரில் டைப் அடிக்கச் சேர்ந்தவள் அவள். கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். அவள்தான் அதிகம் பயந்தாள். தொட்டுக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அதன் உள்ளும் புறமும் படித்தாள். மாலை வகுப்புக்குப் போனாள், தேர்வு எழுதினாள், கடைசியில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளியானாள். சுபாவத்திலேயே பயந்தவள். காஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். "நீ மூடினதை நானே பார்த்தேன்" என்று கணவர் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள்.

இவ்வளவு பயம் உள்ளவள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்களை வருஷாவருஷம் தன் அறைக்கு அழைத்துவந்து, "இந்த வேலைக்கு வாங்க" என்று சொல்லுவாள். அவளுடைய பிரிவில் ஆள் போதவில்லை. உதவிக்கு ஒரே ஒரு இளைஞன். அவள் பள்ளியில் படித்த காலத்தில் இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்தக் குறை இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கக்கூடாது என்று நினைத்தாள்.

அன்றும் அப்படித்தான் காலையில் கணினி டீச்சர் ஒரு கூட்டம் மாணவிகளோடு வந்திருந்தார். பிள்ளைகளில் பாதிப்பேர் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் உயரமான ஒரு பெண் நின்றாள். தோழிகள் அவளை 'நெட்டை' என்று கூப்பிட்டார்கள். நீல உறை போட்ட ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, நோயாளியின் பதிவு எப்படி இருக்கும் என்று அக்கா காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இயந்திரங்களைக் காட்ட அலமாரிப் பக்கம் அழைத்துப் போனாள்.

மேசையில் போன் அடித்தது. ரத்தப் பரிசோதனைப் பிரிவுப் பெண்.

"அக்கா, ரிப்போர்ட் எதுவும் திறக்கலை. ஃபைல் பேரெல்லாம் கன்னாபின்னான்னு மாறியிருக்கு."

"எந்தப் பேரு?"

"எல்லாமே அக்கா. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மாறுது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பிரிவின் கோப்புகளைத் திறந்தாள். அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு பெயராகப் புரியாத எழுத்தாக மாறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து எக்ஸ்ரே பிரிவைத் திறந்தாள். அங்கும் ஆரம்பித்திருந்தது. யாரோ வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே புகுந்து ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பெட்டியாகப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறான். இப்படி நடக்கும் என்று அவள் படித்திருக்கிறாள். படித்தது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

முதலில் அவள் ஓடியது அறை மூலையில் இருந்த சின்னப் பெட்டிக்கு. எல்லாவற்றுக்கும் மறுபிரதி அதில்தான் இருந்தது. அதன் வயரைப் பிடுங்கப் போனாள். விரல் நடுங்கியதில் கொக்கி விடவில்லை. இழுத்த இழுப்பில் நகம் பிய்ந்தது. வயர் கையோடு வந்தது. பூட்டுகிறவன் அதற்கு முன்பே இந்தப் பெட்டிக்குள்ளும் வந்துவிட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு உதவியாளனைப் பார்த்துக் கத்தினாள். "மெயின் நெட்வொர்க் சுவிட்சை அணைச்சிடு!"

"போனும் அதுலதானே ஓடுது, அதுவும் போயிடுமே அக்கா."

"போகட்டும்!"

அவன் அணைத்தான். மாடிக்கு மாடி இருந்த தொடர்பு அறுந்தது. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் இன்னும் பிணைந்தே இருந்தன. அவற்றைப் பிரிக்கவேண்டும். போன் செத்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்ல ஆள் வேண்டும். அப்போதுதான் அறைக்குள் பிள்ளைகள் நிற்பது அவளுக்கு நினைவு வந்தது.

"ஆளுக்கொரு வார்டுக்கு ஓடுங்க. கம்ப்யூட்டருக்குப் பின்னால இருக்கிற நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்கச் சொல்லுங்க. மிஷினை ஆஃப் பண்ணவேண்டாம். சர்வர் அக்கா சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"என் பொறுப்புல வந்த பிள்ளைங்க இவங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் டீச்சர்.

"வயர்தான் டீச்சர், பாம்பு இல்லை. ஓடச் சொல்லுங்க!"

பிள்ளைகள் ஓடினார்கள். டீச்சரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நெட்டை மட்டும் ஓடவில்லை. அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு அவளைக் கவனிக்க நேரமில்லை.

அந்த நேரம் அறுவை அரங்கில் ஒரு லாரி டிரைவர் வயிறு திறந்த நிலையில் படுத்திருந்தார். டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேன் படம் திரையிலிருந்து மறைந்துவிட்டது. ரத்தம் ஏற்றவேண்டும், அவருடைய ரத்த வகை கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. பரிசோதனைப் பெண் மறுபடி ரத்தம் எடுத்துக் கையாலேயே சோதித்து, துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். அந்தச் சீட்டு மேலே போய்ச் சேரும்வரை அரங்கின் வாசலில் நின்ற அவருடைய மனைவிக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த இடைவெளியில் அவர் போயிருந்தால் என்ற நினைப்பு அக்காவை விட்டுப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி காகிதத்தில் நடந்தது. திறந்த கம்ப்யூட்டரில் எல்லாம் பணம் கேட்டு ஒரு மிரட்டல். நிர்வாகம் பணம் தர மறுத்து, வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. ஆளாளுக்கு ஒரு கதை பேசினார்கள். நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அன்னைக்குப் பார்த்துப் பிள்ளைங்களை உள்ளே விட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அவங்க எதையாவது தொட்டாங்களா?"

"இல்லை சார்." சொல்லிவிட்டாளே தவிர, நிச்சயமாகத் தெரியுமா? அவள் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தபோது யார் என்ன செய்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, தானே அழைத்துவந்த பிள்ளைகளின் தலையில் இது விழுந்துவிடுமோ என்ற பயம்தான் அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார். "அந்த நெட்டைப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே வரலை. கேட்டா அழறா. சாப்பிட மாட்டேங்கிறாளாம். நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்."

அக்கா சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனாள். குறுகலான படிக்கட்டில் ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவர் பெண்ணின் அப்பா. பஸ் ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"போலீஸ் வருமாம்மா?" என்றார், உட்காரச் சொல்வதற்கு முன்பே.

"எதுக்குங்க போலீஸ்?"

அவர் உள்ளே கையைக் காட்டினார். நெட்டை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் உடம்பு தூக்கிப்போட்டது.

"நான்தான் அக்கா. என் போன்ல சார்ஜ் இல்லை. நீங்க அந்தப் பக்கம் போனப்ப மிஷின்ல சொருகினேன். சொருகின உடனேதான் உங்க மேசைப் போன் அடிச்சுச்சு. ஆபரேஷன்ல இருந்த அந்த ஆளு செத்திருந்தா நான்தானே கொலைகாரி?"

அக்காவுக்கு நிர்வாகியிடம் இல்லையென்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"எந்த மிஷின்ல?"

"நீல உறை போட்டது."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அட கண்ணு! அது உங்களுக்குக் காட்டுறதுக்காகத் தனியா வச்சிருக்கிற மிஷின். அதுல நெட்வொர்க் வயரே கிடையாது. அதுல இருந்த நோயாளிகூட நானா எழுதின பொய் ஆளு."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. காஸ் அடுப்பை மூடினதை நம்பாதவளுக்கு இது புரியாதா என்ன? "சரி, நாளைக்கு நீயே வந்து பாரு" என்றாள்.

மறுநாள் அப்பாவே அழைத்துவந்தார். நெட்டை அறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை. அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மேசைக்குக் கீழே குனிந்து, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் காட்டினாள். நெட்டை மண்டியிட்டு உள்ளே நுழைந்து, வயர் சொருகும் ஓட்டையை விரலால் தடவினாள். தூசி அடைத்திருந்தது. சுவரைத் தடவினாள். மேசையை நகர்த்தச் சொல்லி அதற்குப் பின்னாலும் பார்த்தாள்.

"அந்தரத்துல போற தொடர்பு? வயர் இல்லாம?"

"அந்த வசதியே இதுல கிடையாது. கழட்டிக் காட்டவா?"

"காட்டுங்க."

அக்கா திருப்புளி எடுத்துக் கழட்டிக் காட்டினாள். நெட்டை வெகுநேரம் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எப்படித்தான் உள்ளே வந்தான்?"

"தெரியலை. இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கு அன்னைக்கும் பயம்தான். கை அந்த நடுங்கு நடுங்குச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். பயந்தவங்களெல்லாம் இந்த வேலைக்கு வரமாட்டாங்கன்னு நினைச்சிருந்தேன்."

அக்கா கழட்டின திருகாணிகளை அவள் கையில் கொடுத்து, மாட்டச் சொன்னாள்.

கொஞ்ச நாளில் காரணம் தெரிந்தது. பிள்ளைகள் வருவதற்குப் பல வாரம் முன்பே, கொள்முதல் பிரிவில் மருந்து பில் போல வந்த ஒரு மின்னஞ்சலை யாரோ திறந்திருக்கிறார்கள். அதன் வழியாக உள்ளே வந்தவன் சத்தமில்லாமல் காத்திருந்திருக்கிறான். இத்தனை வாரமும் அவன் உள்ளே இருந்தபோதுதான் தினமும் கதவைப் பூட்டி, நிம்மதியாக வீட்டுக்குப் போனோம் என்று நினைத்தபோது அக்காவுக்கு மயிர்க்கூச்செடுத்தது.

மறுபிரதிப் பெட்டியைத் திறந்து பார்த்த நாளன்று நிபுணர்கள், நிர்வாகி எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இருக்குக்கா, இருக்கு" என்று உதவியாளன் தோளை உலுக்கினான். பழைய பதிவுகள் எல்லாம் இருந்தன. எக்ஸ்ரே படங்களில் கடைசியாகச் சேர்ந்த ஒரு பகுதி மட்டும் போய்விட்டது. எலும்பு முறிந்து வந்தவர்களை மறுபடி வரவழைத்து மறுபடி படம் எடுக்கவேண்டியதாயிற்று. அவர்களில் சிலர் அவளைத் திட்டினார்கள். அவள் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்த வேலைக்குப் போனால் பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்துவிடும் என்று பெற்றோர் பேசிக்கொண்டார்கள். அக்கா தானே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினாள். பெரிய சம்பளம், குளிர் அறை என்று ஆசை காட்டாமல், அன்று நடந்ததை நடந்தபடியே சொன்னாள். "உள்ளே வர்றவன் நம்மளைவிடக் கெட்டிக்காரனா இருப்பான். அதனால உங்களை மாதிரி ஆளுங்க எங்களுக்கு வேணும்" என்றாள். பாதிப்பேர் முகம் வெளிறிப்போனது. ரெண்டு மூணு பேர் கை தூக்கிக் கேள்வி கேட்டார்கள்.

நெட்டை அந்தப் படிப்புக்குத்தான் போவேன் என்று நின்றாள். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பயத்துல பிள்ளை பாதியா போனா. மறுபடி அதுக்குள்ளேயே அனுப்பச் சொல்றீங்களா?"

"நீங்க பயப்படாமலா பஸ் ஓட்டுறீங்க?"

அவர் யோசித்தார். "பயம் இல்லாம எப்படி? பின்னால உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் என் கழுத்து மேல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்."

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கும்."

அவர் டீ வாங்கித் தருகிறேன் என்றார். அவள் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் வாங்கிவந்தார்.

நெட்டை படித்து முடித்து, இப்போது வேறோர் ஊரில் ஒரு குடிநீர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைக் காக்கும் வேலையில் இருக்கிறாள். எப்போதாவது போன் செய்வாள். பேச்சில் பாதி, புரியாத ஏதாவது ஒரு கோளாறைப் பற்றித்தான் இருக்கும். அக்காவுக்கு அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் வந்துவிட்டது; தினமும் மாத்திரை போடுகிறாள்.

போன மாதம் அவளுடைய பிரிவுக்கு இன்னொரு ஆள் எடுக்க நிர்வாகம் ஒருவழியாகச் சம்மதித்தது. நேர்காணலுக்கு முதல்முறையாகப் பெண்களும் வந்திருந்தார்கள். நடத்தவேண்டியவள் அக்கா. கேள்வி கேட்கப்போகிறவளுக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது. எதிரே உட்கார்ந்த பெண் பாவம் பார்த்து, தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.