இருபத்தெட்டு மாத்திரையும் ஒரு கேள்வியும்

1. பலிக்காத மாத்திரை

"உங்க மாத்திரை பலிக்கலீங்க, நர்ஸம்மா."

தனலட்சுமி வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னபோது நான் தடுப்பூசி கேரியரை மூடிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை. குழந்தைகளெல்லாம் அழுது முடித்துப் போயிருந்தன. சிறுநீர் பரிசோதனை செய்து பார்த்தேன். அட்டையில் இரண்டு கோடு பளிச்சென்று விழுந்தது.

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் சிலர், "கருத்தடை மாத்திரை கொடுக்கும்போது எதைக் கவனிக்கணும் சிஸ்டர்?" என்று கேட்டார்கள். பாடப் புத்தகத்தில் உள்ளது அவர்களுக்குத் தெரியும். அதில் இல்லாததை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் தனம்தான். அதனால் அவள் கதையையே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான். "பேரையும் நல்லாப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. புருசன் செந்தில் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவான். வந்தால் பத்து நாள் இருப்பான். ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது. இன்னும் மூன்று வருடம் இடைவெளி வேண்டும் என்று அவளே கேட்டு மாத்திரை வாங்கிப் போனாள்.

"மாத்திரை அட்டைய எடு பார்க்கலாம்" என்றேன்.

பையிலிருந்து எடுத்தாள். நான்கு மாதத்துக்கு முன்னால் கொடுத்த அதே முதல் அட்டை. இருபத்தெட்டில் பதினொன்றுதான் காலியாகியிருந்தது.

"தினம் ஒண்ணு போடச் சொன்னேனே?"

"போட்டனுங்க. அவரு ஊட்ல இருந்த நாளெல்லாம் தவறாமப் போட்டனுங்க."

"இல்லாத நாளைக்கு?"

"ஆளே இல்லாத ரூமுக்கு ஃபேன் எதுக்குங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருமே சட்டென்று நிறுத்திக்கொண்டோம். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அட்டையை நீட்டி, தினம் ஒன்று என்று மட்டும் சொல்லி அனுப்பியவள் நான். ஏன் தினமும் என்று சொல்லவில்லை. அன்று ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள் என்பது காரணம்தான், ஆனால் சாக்காகாது.

என்ன செய்ய விரும்புகிறாள் என்று கேட்டேன். வேண்டாம் என்றால் சட்டப்படி அதற்கும் வழி இருக்கிறது, முடிவு உன்னுடையது என்று சொன்னேன். வீட்டுக்குப் போய் செந்திலிடம் ஃபோனில் பேசிவிட்டு மறுநாள் வந்தாள். "வந்தது வந்திருச்சு, பெத்துக்கறனுங்க. ஆனா அடுத்த தடவை மாத்திரை கொடுக்கறப்ப எனக்கு முழுசாச் சொல்லோணும்" என்றாள். அந்தக் குழந்தை ஆண். மூன்று கிலோ இருநூறு. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான்.

2. முட்டை ஷெட்டில் வகுப்பு

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது தனம் ஆளனுப்பினாள். பண்ணையில் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்ல வேண்டும், கேட்க இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்கள் என்று. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை இந்த மாத்திரை கொடுப்பதில்லை. அவளுக்கு அந்தக் கணக்கு தாண்டியிருந்தது.

போனேன். முட்டை டிரேக்கள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தனத்தின் மாமியார் பாவாயிக்கும் அங்கேதான் வேலை. அவர் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். மாத்திரை அவருக்குப் பிடிக்காத விஷயம்.

"கோழி முட்டையே போடலீன்னா குஞ்சு எங்கிருந்து வரும்?" என்று ஆரம்பித்தேன்.

"வராதுங்க" என்றார்கள்.

அவ்வளவுதான் விஷயம் என்றேன். மாதம் ஒரு தடவை மூளை கட்டளை போடும், சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளியே வரும். இந்த வெள்ளை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோன் இருக்கிறது. அது ரத்தத்தில் இருக்கும்வரை மூளை அந்தக் கட்டளையைப் போடாது. முட்டை வெளியே வராது. அதோடு கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகிவிடும், விந்து உள்ளே நுழைவது கஷ்டம். கர்ப்பப்பையின் உள்சுவரும் மெல்லிசாகிவிடும்.

"ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டா ஹார்மோன் இறங்கிரும். மூளை முழிச்சுக்கும், கட்டளை போட்டுரும். புருசன் ஊர்ல இருக்காரா, ரிக்ல இருக்காரான்னு மூளைக்குத் தெரியாது."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. தனம் தலையில் அடித்துக்கொண்டு எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பாவாயி திரும்பாமலே கேட்டார்: "நின்னு போன முட்டை உள்ளயே தேங்கிக் கெட்டுப் போயிராதுங்களா?"

"வெளிய வந்தாத்தானுங்க தேங்கும். அது முத்தறதே இல்லை."

"மாத்திரைய நிறுத்துனா?"

"மறுபடியும் வரும். சிலருக்கு அடுத்த மாசமே."

பாவாயி மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். டிபன் பாக்ஸும் கூடவே திரும்பியது.

மற்றதையும் சொன்னேன். மாதவிலக்கு வந்து ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். இருபத்தொன்று வெள்ளை முடிந்ததும் ஏழு பழுப்பு. அது இரும்புச் சத்து, பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கத்தான். ஒன்று மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போட்டுவிட்டு, அன்றைக்கு உரியதை வழக்கமான நேரத்தில் போடலாம். இரண்டு, மூன்று விட்டுப்போனால் ஒன்றை உடனே போட்டுத் தொடர வேண்டும், ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும், என்னிடமும் வந்து கேட்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், இடையில் லேசான உதிரப்போக்கு, மார்பில் வலி வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கும்.

அபாய அறிகுறியைக் கடைசியில், விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். ஒற்றைக் காலில் கெண்டைச் சதை வலித்து வீங்கினால், மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால், வழக்கத்தில் இல்லாத கடும் தலைவலி வந்தால், கண் மங்கினால், பேச்சு குழறினால், கை கால் இழுத்தால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது. "கால் வீங்கினா எண்ணெய் போட்டு உருவக் கூடாது" என்றும் சொன்னேன்.

மறுநாள் தனம் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கண்ணில் மின்னல் வெட்டுவது போல வந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருமா? மஞ்சள் காமாலை வந்ததா? மார்பில் கட்டி? புகை பிடிப்பாயா? அதற்கு மட்டும் சிரித்தாள். "உனக்கோ, வீட்டில் யாருக்காவதோ இரத்த உறைவு நோய் உண்டா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

டிக் போட்டேன். மாத்திரை கொடுத்தேன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாத்திரைக்கு எதிராக இருந்த பாவாயி, மாத்திரைக்கு அலாரம் ஆகிவிட்டார். ஏழரை மணி சீரியலில் விளம்பரம் வந்ததும், "ஏ கண்ணு, முட்டைய நிறுத்திட்டியா?" என்று கேட்பாராம். அண்டை வீட்டுப் பெண்களும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் மாத்திரை போடுகிறார்கள் என்றாள் தனம்.

3. ஒற்றைக் கால்

நான்காவது அட்டை போய்க்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறையில் தனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செந்தில் வேலை செய்யும் சத்தீஸ்கர் பக்கம் போனாள். ரயிலில் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். திரும்பும்போது ஒரே சீட்டில், மடியில் குழந்தை தூங்க, காலை நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்தே வந்திருக்கிறாள்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது.

"நர்ஸம்மா, இடது காலு கெண்டைச் சதை கல்லாட்டம் இருக்குதுங்க. வலது காலவிட எச்சா வீங்கிருக்குது. தொட்டாச் சுடுது."

பின்னாலிருந்து பாவாயியின் குரல்: "ரயில்ல சுளுக்கிருக்கும் சாமி. நான் விளக்கெண்ணெய் காய்ச்சிட்டேன், சித்த நேரம் உருவி உட்டாச் செரியாப் போயிரும்னா கேக்க மாட்டீங்கறா."

"அத்தை, கிட்ட வராதீங்க. உருவக் கூடாதுன்னு நர்ஸம்மா ஷெட்ல சொன்னாங்கல்ல!"

"பாவாயி அக்கா, எண்ணெயைக் கீழ வைங்க. தனம், உட்காரு, நடக்காதே. ஆம்புலன்ஸுக்கு நான் ஃபோன் பண்றேன். மாத்திரை அட்டையைக் கையில எடுத்துக்கோ" என்றேன்.

நாமக்கல்லில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். வழியெல்லாம் பாவாயி மருமகள் கையை விடவில்லை. டாக்டர் இளம்பெண். தனம் அட்டையை நீட்டியதும் வேறெதுவும் கேட்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினார். முழங்காலுக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. ஊசி உடனே தொடங்கியது.

"நல்ல வேளை, உருவல. கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

பாவாயி இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

மறுநாள் கெங்கவல்லியிலிருந்து தனத்தின் அம்மா பஸ் பிடித்து வந்தார். மகளின் காலைப் பார்த்ததும் சொன்னார்: "எனக்கும் இப்படித்தாங்க டாக்டர். இவ தம்பி பொறந்து பத்தாம் நாள், ஒரு காலு உரல் கணக்கா வீங்கிப் போச்சு. ஆத்தூர்ல வச்சு ஊசி போட்டு, அப்புறம் மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தனத்தைப் பார்த்தேன்.

"உங்கிட்டக் கேட்டேனே தனம், வீட்டில யாருக்காவது இருக்கான்னு?"

"நீங்க ரத்த உறைவுன்னு கேட்டீங்க. எங்கம்மாளுக்கு வந்தது கால் வீக்கமுங்களே!"

கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். படிவத்தில் நான் போட்ட டிக் கண் முன்னால் வந்தது. கேள்வி சரி, பதிலும் சரி. இரண்டும் சந்திக்கவே இல்லை.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். "இது மாத்திரையால மட்டும் வந்ததுன்னு சொல்ல முடியாது சிஸ்டர். குடும்பத்தில இருந்திருக்கு, அதுக்கு மேல நீளப் பயணம். மாத்திரை போடறவங்கள்ல இது வர்றது அபூர்வம். சொல்லப்போனா கர்ப்ப காலத்திலயும் பிரசவத்துக்கு அப்புறமும்தான் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதைச் சொல்லி எல்லாப் பெண்களையும் பயமுறுத்திடாதீங்க. ஆனா அம்மாவுக்கு வந்தது முன்னாடியே தெரிஞ்சிருந்தா, எங்ககிட்ட அனுப்பியிருப்பீங்க. வேற முறை யோசிச்சிருப்போம்."

அவர் குரலில் கண்டிப்பு இல்லை. அதனாலேயே அதிகமாக உறைத்தது.

4. செந்திலுக்குக் கொடுத்தது

செந்தில் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். அதற்குள் வீக்கம் பாதி வடிந்து, தனம் பக்கத்துக் கட்டில்காரியிடம் முட்டை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். ரத்தம் கட்டாமல் இருக்க ஆறு மாதம் மாத்திரை. கருத்தடை மாத்திரை இனி எப்போதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் மாத்திரையோடு கர்ப்பமும் ஆகக் கூடாது.

வீட்டுக்குப் பார்க்கப் போனபோது செந்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அப்ப இனி என்னங்க பண்றது, சிஸ்டர்?"

"காப்பர்-டி வைக்கற வரைக்கும் நீங்கதான் தம்பி பொறுப்பு" என்று ஆணுறைப் பாக்கெட்டை நீட்டினேன்.

அவன் சுவரைப் பார்த்தான். உள்ளே இருந்த பாவாயி சத்தம் போட்டார்: "வாங்கிக்கடா. பூமிய ஆயிரம் அடி ஓட்டை போடறவனுக்கு இதுக்கு என்னடா வெக்கம்?"

தனம் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்துவிட்டான். ஆறு மாதம் முடிந்து, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றதும் காப்பர்-டி வைத்தோம். மறு வாரமே பண்ணையில் டிரே தூக்கிக்கொண்டிருந்தாள்.

5. வரிசையில் கேட்டது

பயப்பட்டேன். ஊரில் இனி யாரும் மாத்திரை கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஷேர் ஆட்டோ ஒன்று துணை சுகாதார நிலையத்தின் முன்னால் வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். முன் சீட்டிலிருந்து பாவாயி இறங்கினார்.

"எல்லாத்துக்கும் மாத்திரை வேணுமாமுங்க. நாந்தான் கூட்டியாந்தேன்" என்றார். நான் படிவத்தை எடுப்பதற்குள் முதல் பெண்ணிடம் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனம்மணி, உங்கம்மாளுக்கோ அக்காளுக்கோ எப்பவாச்சும் ஒத்தக் காலு மட்டும் வீங்கிப் படுத்தாங்களா? பிரசவத்துக்கப்பறம் ஊசி போட்டாங்களா? படியேறுனா நெஞ்சடச்சுத் திடீர்னு போனவங்க ஆராச்சும் உண்டா?"

மூன்றாவதாக நின்ற பெண் யோசித்தாள். "எங்கக்காளுக்கு ஒருக்கா காலு வீங்கி சேலத்துல பத்து நாள் படுத்திருந்தாங்க..." என்றாள்.

பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, மீதியை நிதானமாகக் கேட்டேன். அவளை டாக்டரிடம் அனுப்பினேன். அவளுக்குக் காப்பர்-டி ஆயிற்று. மற்ற நான்கு பேருக்கும் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தேன். நான்கு பேரும் நலமாக இருக்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். மாத்திரை நல்ல மாத்திரை. எத்தனையோ பெண்களுக்கு மூச்சுவிட நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், தவறாமல் போடுவார்கள். படிவத்தில் உள்ள கேள்வியை அப்படியே வாசிக்காதீர்கள். அந்த நோய்க்கு அவர்கள் வீட்டில் என்ன பேர் என்று தெரிந்துகொண்டு அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே டிக் போடாதீர்கள். அவள் தன் அம்மாவை, அக்காவை ஒருமுறை மனதில் நினைத்துப் பார்க்கிற நேரம் வரை பேனாவைக் கீழே வையுங்கள்.