கனம் பார்த்து வாங்கிய விறகு

கல்கத்தா லேக் கார்டன்ஸில் செல்வராஜ் கடையில் வாங்கிய தேங்காயை அழுகல் என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அப்படி ஒரு கை அவருக்கு. தேங்காயோ சேனைக்கிழங்கோ எலுமிச்சையோ, உள்ளங்கையில் வைத்து ஒரு ஏந்து ஏந்துவார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் கழிசல். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்கத்தா வந்து, அந்தப் படிப்பை வைத்தே ஒரு கடை, ஒரு ஃபிளாட், மகள் கல்யாணம் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டார். "செல்வா தா எடுத்துக் கொடுத்தா சரிதான்" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'தா' போட்டு, வங்காளிப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு பையை நீட்டுவார்கள். மனுஷனுக்குக் கர்வம் வராமல் இருக்குமா?

வீட்டில் நிலவரம் வேறு. மனைவி ஜலஜாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். கல்கத்தாவில் குளிர் தொடங்கினால் ஊரையே புகை மூடிக்கொள்ளும். ஒரு குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து தீர்த்தார்கள். கடைசியில் டாக்டர் கையை விரிக்காத குறையாகச் சொன்னது இரண்டே விஷயம். அடுத்த குளிரை இந்தப் புகையில் கழிக்கக் கூடாது. எங்கே போனாலும் உடம்பில் குளிர் ஏறக் கூடாது.

செல்வராஜ் டார்ஜிலிங் பக்கம் குர்சியாங்கில், மலைச் சரிவில், சின்ன வீடு ஒன்றைப் பிடித்தார். அங்கே காற்று சுத்தம், ஆனால் குளிர் உண்டு; ஹீட்டர் போடலாமென்றால் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் அறைக்குள் ஓர் இரும்பு அடுப்பு. புகை போக, கூரை வழியே குழாய். பக்கத்து வீட்டுத் தாமாங் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டான். ஜலஜா அன்றைக்கே கம்பளிகளை எடுத்து வெயிலில் போட ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க போனா பழையபடி நடப்பேன்லா?" என்று கேட்டாள்.

"நடக்காம? ஓடுவ நீ" என்றார் செல்வராஜ்.

விறகு வாங்கிப் போட அவர் மட்டும் முன்னதாகப் போனார். விறகுக்காரன் கொட்டகைக்குள் இருந்த அடுக்கைக் காட்டினான். நரைத்த கட்டைகள், முனையெல்லாம் வெடிப்பு, பட்டை உரிந்து கிடந்தது. செல்வராஜ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். தக்கை. அவருக்குச் சிரிப்பு வந்தது. வெளியூர்க்காரன் வந்தால் பழைய சரக்கைத் தலையில் கட்டுவது எந்தக் கடைக்காரனும் செய்கிற வேலைதானே? அவரே எத்தனை தடவை செய்திருக்கிறார்! யாரிடம் வந்து யார் காட்டுகிறார்கள்! வெளியே புதிதாக வெட்டிப் போட்டிருந்த கட்டைகள் பக்கம் போய் ஒவ்வொன்றாக ஏந்திப் பார்த்தார். கல் மாதிரி கனம். இதுதான் வேண்டும் என்றார். அது பச்சை, இந்த வருஷம் எரியாது என்று விறகுக்காரன் இந்தியில் இரண்டு மூன்று தடவை சொன்னான். தாமாங்கும் சொன்னான். சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் கூட்டு என்று செல்வராஜுக்குச் சந்தேகம் வலுத்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. இருந்ததிலேயே கனமானதாகப் பொறுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஜலஜா வந்து இறங்கிய சாயங்காலமே அடுப்பு மூட்டினார். கட்டை எரியவில்லை, அழுதது. முனையில் நுரை தள்ளி, உஸ்ஸென்று சீறி, கரும்புகையாகக் கக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றினார்; கன்னம் வலிக்க ஊதினார். குழாயில் புகைக்கரி தார் மாதிரி அடைத்துக்கொண்டு புகை முழுக்க அறைக்குள் திரும்பியது. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்தது, சாத்தினால் புகை. அவள் இருமுகிறாள் என்று திறப்பார், நடுங்குகிறாள் என்று சாத்துவார். கல்கத்தாப் புகைக்குப் பயந்து அவளை இத்தனை தூரம் கூட்டிவந்து, தன் கையாலேயே அவள் முகத்துக்கு நேராகப் புகை போட்டுக்கொண்டிருந்தார் பாவி மனுஷன். மறுநாள் விறகுக்காரனிடம் ஓடினார். கொட்டகை காலி. காய்ந்த கட்டைகளை ஊர்க்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். தாமாங் தன் வீட்டிலிருந்து கொடுத்த விறகு சீக்கிரமே தீர்ந்துபோனது. அதற்குள் ஜலஜாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

ஆம்புலன்ஸில் மலை இறங்கும்போது அவள் மாஸ்க்கை விலக்கினாள்.

"அவன் சொன்னத ஒரு தடவ கேட்டிருக்கலாம்லா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் செல்வராஜ் பிழைத்திருப்பார்.

உயிர் தங்கியது. நுரையீரலில் மிச்சமிருந்ததில் பாதி போய்விட்டது. இனி மலை ஏறுவதைக் கனவில்கூட நினைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக்ஸிஜன் மெஷினின் குழாய் எட்டுகிற தூரம்தான் இப்போது ஜலஜாவின் ஊர். அடுத்த குளிரும் வந்துவிட்டது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்துவைத்து, செல்வராஜ் கட்டில் பக்கத்திலேயே கிடக்கிறார். கடையை மருமகன் பார்க்கிறான். இவளை இப்படிப் படுக்கப் போட்டது நான்தான் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

நேற்று மத்தியானம் தாமாங் போன் செய்தான். செல்வராஜ் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பச்சைக் கட்டைகளைப் பிளந்து கூரைக்குக் கீழே அடுக்கிவைத்திருந்தானாம். வெயில் காலமெல்லாம் கிடந்து அருமையாகக் காய்ந்துவிட்டதாம். இரண்டு போட்டுப் பார்த்தானாம், ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டதாம், புகையே இல்லையாம். அண்ணியை எப்போது கூட்டிவருகிறீர்கள் என்று கேட்டான்.

எல்லாவற்றையும் நீயே எரித்துக்கொள் என்று சொல்லத்தான் செல்வராஜ் வாயெடுத்தார். ஜலஜா அவர் கையைத் தொட்டு, மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள்.

"வாரோம்னு சொல்லுங்க."

"வருகிறோம்" என்று அவர் இந்தியில் சொன்னார். தாமாங்குக்கு ஒரே சந்தோஷம். எந்தத் தேதி, ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். செல்வராஜ் ஜலஜாவைப் பார்த்தார். அவள் அதற்குள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள்.